வடக்குச் சுவரோரம் எட்டுப் பற்கள்

அத்தியாயம் 6

காப்பீட்டுச் சங்கத்துக்காக விபத்துகளை விசாரிக்கும் ஆர்லிஸ் ட்வைட்டின் இருபத்திரண்டு வருட வேலையில் குற்றவாளி அகப்படாமல் திண்டாடிய வழக்குகள் நிறைய உண்டு. குற்றவாளிகள் அதிகமாகிப்போய்த் திண்டாடுவது இதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மேல், மெர்ல் ஸ்லெட்டனின் பண்ணையில் மரவேர் பிடுங்கும் நானூறு கிலோ ரேக் ஒன்று, ஸ்கிட் லோடர் என்ற சிறிய பளுதூக்கி வண்டியின் முன்கைகளிலிருந்து கழன்று மெர்லின் இடது காலில் விழுந்தது. செவ்வாய் மதியத்துக்குள் மூன்று பேர் தனித்தனியாகத் தப்பு தங்களுடையது என்று சொல்லிவிட்டார்கள். வண்டியை ஓட்டிய வெண்டெல் ஹாகன், ஷெரிஃபின் ஆள் நோட்டுப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே சொன்னார். மெர்லின் மனைவி நோர்மா, தோட்டத்து ஓரத்தில் கிடந்த பழைய மரவேர்களை எடுங்கள் எடுங்கள் என்று ஒரு மாதமாக நச்சரித்தது நான்தான் என்றாள். மெர்ல் ஃபார்கோ மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்ததும், தூக்கிப் பிடித்த ரேக்குக்கு முன்னால் போய் நின்ற முட்டாள் நான்தான் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனார். காலைக் காப்பாற்ற முடியுமா என்பது வியாழக்கிழமைதான் தெரியும்.

"இந்த ஊர்ல துப்பறியறது ரொம்பக் கஷ்டம், பாஸ்," என்றான் கார்வின் ஃபாசம், பிக்கப் வண்டியை மண் சாலையில் திருப்பியபடி. "எவனாவது ஒருத்தன் 'நான் இல்ல'ன்னு சொன்னாத்தானே அவனைப் பிடிக்க முடியும்?"

ஆர்லிஸ் சிரிக்கவில்லை. கார்வின் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. காப்பீட்டுச் சங்கத்தில் அவளுக்கு உதவியாளாகச் சேர்ந்த ஆறு வருடமாக அவன் பேசிக்கொண்டேதான் இருக்கிறான், அவள் சிரிக்காமலேதான் இருக்கிறாள். ஸ்டியரிங்கில் இருந்த அவன் முன்னங்கைகளில் கோடு கோடாகக் கீறல்கள். போன வாரக் காற்றில் அவன் வீட்டுப் பின்பக்கம் மூன்று மரங்கள் சாய்ந்துவிட்டன. கேட்டால், பக்கத்து வீட்டுப் பூனையோடு சண்டை என்பான்.

மேலாளர் காலையிலேயே போனில் பேசியிருந்தார். அறிக்கை நாளைக்குள் வேண்டும், காரணம் ஓட்டுநரின் கவனக்குறைவு, இதில் துப்பறிய என்ன இருக்கிறது என்றார். அறிக்கையில் அந்த இரண்டு வார்த்தைகள் ஏறிவிட்டால் வெண்டெலின் பெயர் காப்பீட்டுப் பட்டியலிலிருந்து போய்விடும். பட்டியலில் இல்லாதவரை மெர்ல் நினைத்தாலும் வண்டியில் ஏற்ற முடியாது. வண்டி ஓட்டாதவருக்கு அந்தப் பண்ணையில் வேலை இல்லை. வேலை இல்லாதவருக்கு அங்கே வீடும் இல்லை. வெண்டெலுக்கு வயது ஐம்பத்தெட்டு. பத்தொன்பது வருடமாக அந்த வீட்டில் தனியாக இருக்கிறார்.

இதெல்லாம் ஆர்லிஸுக்கு மேலாளர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவள் மடியில் இருந்த கோப்பின் கடைசியில் வேறொரு தாள் இருந்தது. அது அவளே நிரப்பியது. அதைத்தான் அவள் காலையிலிருந்து திறக்காமல் வைத்திருந்தாள்.

வெண்டெல் கொட்டகை வாசலில் காத்திருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், தேவாலயத்துக்கு வந்தவர் மாதிரி. ரேக் முற்றத்து நடுவில், நேற்று இழுத்துப் போட்ட இடத்தில் கிடந்தது. வளைந்த எட்டு இரும்புப் பற்கள். அவற்றின் மேல் ஹைட்ராலிக் விசையில் திறந்து மூடும் ஒரு தாடை. பல்லிடுக்கில் இன்னும் வேர் சிக்கியிருந்தது.

மாட்டிப் பார்க்கலாம் என்றாள் ஆர்லிஸ். வெண்டெல் வண்டியைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். நான் ஏறவில்லை என்றார். யாரும் வற்புறுத்தவில்லை.

கார்வின் ஏறினான். பெல்ட்டைப் போட்டு, மடிமேல் வரும் கம்பியை இறக்கி, வண்டியை மெதுவாக முன்னால் விட்டு, முன்தட்டின் மேல்விளிம்பை ரேக்கின் மடிப்புக்குள் செருகிப் பின்னால் சாய்த்தான். தரையோடு தரையாக இறக்கி எஞ்சினை அணைத்தான். லீவரை நாலு பக்கமும் அசைத்து எண்ணெய் அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுத்தான் இறங்கினான். அதற்கப்புறம் ரேக்கின் தாடைக்கு எண்ணெய் கொண்டுபோகும் ஹோஸ்களை மாட்ட வந்தான். முதலாவது உடனே மாட்டியது. இரண்டாவது நுழைய மறுத்தது.

வெண்டெல் உதவிக்கு ஓர் அடி எடுத்து வைத்தார். அதற்குள் கார்வின் வளையத்தை இடது பக்கம் அரைச்சுற்று திருப்பி, உள்ளங்கை மேட்டால் இரண்டு தட்டுத் தட்டினான். டக்கென்று உட்கார்ந்தது.

"அது எல்லாருக்கும் வசப்படாது," என்றார் வெண்டெல். "எனக்கே ரெண்டு வருஷம் ஆச்சு."

"கைராசி," என்றான் கார்வின். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆர்லிஸ் அதைக் கேட்டாள். மனதின் ஏதோ ஒரு மூலையில் அதைப் போட்டு வைத்தாள்.

வண்டியின் முன்தட்டில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கைப்பிடிகள். அவற்றை மடக்கினால் இரண்டு தடித்த பின்கள் இறங்கி, ரேக்கின் அடித்தட்டில் இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியே தலைநீட்ட வேண்டும். ரேக் வண்டியோடு இருப்பது அந்த இரண்டு பின்களின் தயவில்தான். அவள் இரண்டையும் மடக்கினாள். குழந்தை விரல் பட்டாலே மடங்கும் போல மடங்கின. மண்டியிட்டு, கன்னம் சேற்றில் படக் கீழிருந்து பார்த்தாள். இரண்டு பின்களும் பளபளவென்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

கார்வின் எஞ்சினைக் கிளப்பி ரேக்கைத் தூக்கினான். மறுபடி அணைத்தான். வெண்டெல் சிவப்புத் தாங்கு கட்டையைக் கொண்டுவந்து முன்கையின் தண்டில் பொருத்தினார். அது இல்லாமல் தூக்கிய கைகளுக்குக் கீழே யாரையும் விடுவதில்லை. கார்வின் ஹோஸை விரலால் தடவிக்கொண்டே, இங்கே கசிகிறதோ என்னவோ, ஹோஸ்தான் காரணமாக இருக்கலாம் என்றான். ஆர்லிஸ் அவன் கையைத் தட்டிவிட்டாள். ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும், விரலையே எடுக்க வேண்டி வரும், இது அவனுக்குத் தெரியாததில்லை. அட்டைப்பெட்டியின் ஒரு துண்டைக் கிழித்து ஹோஸ் நெடுகப் பிடித்துப் பார்த்தாள். அட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. பற்களில் விரிசல் இல்லை. ஐந்தாவது பல் மட்டும் நுனி தேய்ந்து குட்டையாக இருந்தது. மற்றபடி எதிலும் குறையில்லை.

"அப்போ பேய்தான்," என்றான் கார்வின். "பேய்க்குப் பாலிசி இருக்கா பாஸ்?"

நேற்று என்ன செய்தீர்கள், முதலிலிருந்து சொல்லுங்கள் என்று வெண்டெலைக் கேட்டாள். அவர் தொப்பியின் விளிம்பைச் சுற்றியபடி சொன்னார். ரேக்கை மாட்டினார். கைப்பிடிகளை மடக்கினார். இடது கைப்பிடி கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, குளிரில் கிரீஸ் கெட்டியாகியிருக்கும் என்று நினைத்தார். பூட்ஸ் காலால் ஒரு மிதி மிதித்து இறக்கினார். குனிந்து கீழே பார்க்கவில்லை.

"முட்டி மாத்தினதுலேர்ந்து குனிய முடியல," என்றார். "குனிஞ்சு பாத்திருக்கணும். பாக்கல. அவ்வளவுதான்."

"அதுக்கப்புறம்?"

அதற்கப்புறம் ஒன்றும் இல்லை என்றார். அவள் மறுபடி கேட்ட பிறகுதான், பற்களைத் தரையில் ஊன்றி அழுத்திப் பார்த்ததாகச் சொன்னார். ஊன்றி அழுத்தினால், பின்கள் சரியாக இறங்காத ரேக் கீழ்ப்பக்கம் பிய்த்துக்கொண்டு வரும். நேற்று வரவில்லை, பிடித்துக்கொண்டுதான் நின்றது.

இதை ஏன் ஷெரிஃபிடம் சொல்லவில்லை?

வெண்டெல் தோளைக் குலுக்கினார். "சாக்கு சொல்ற மாதிரி இருக்கும்."

ஆர்லிஸ் முற்றத்தில் நடந்தாள். ஈரமும் டயர் தடமும் மிதியடித் தடமும் குழம்பிக் கிடந்தன. கொட்டகைக் கதவுக்குப் பத்தடி தள்ளி, சரளைக்கல் இறுகிய இடத்தில் அவள் நின்றாள். வரிசையாக எட்டுக் குழிகள். ஏழு ஆழமாக, ஐந்தாவது பேருக்கு மட்டும். நுனி தேய்ந்த பல் அவ்வளவுதான் எட்டியிருக்கிறது.

கவனமில்லாத மனிதன் இதைச் செய்ய மாட்டான். ஊன்றிப் பார்த்திருக்கிறார். ரேக் பிடித்திருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துக் கழன்றிருக்கிறது. இன்றைக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. அப்படியானால் நேற்றுக் காலை இருந்து இன்றைக்கு இல்லாத ஏதோ ஒன்று அந்த ஓட்டைக்குள் இருந்திருக்க வேண்டும்.

அவள் ரேக்கின் பின்பக்கத்துக்குப் போனாள். மரவேர் பிடுங்கும் ரேக்கின் முதுகு ஏப்ரல் மாதத்தில் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மூலைகளில் போன வருடத்துச் சேறு கல்லாகியிருக்கும். இதன் மூலைகளில் பெயின்ட் தெரிந்தது.

"இதை எப்பக் கழுவினீங்க, வெண்டெல்?"

"நானா? மே மாசத்துக்கு முன்னாடி இங்க எதையும் கழுவறதில்ல."

ஆர்லிஸ் கார்வினைப் பார்த்தாள். அவன் சரளைக்கல்லைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தான்.

"சொந்த ரேக்கை யாரும் இப்படிக் கழுவ மாட்டாங்க," என்றாள் அவள். "கடன் வாங்கினதைத்தான் கழுவுவாங்க."

அதுதான் இங்கே வழக்கம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். டிராக்டர் வாங்கினால் டேங்க் நிரப்பித் திருப்பு. எதை வாங்கினாலும் வாங்கியதைவிடச் சுத்தமாகத் திருப்பு.

ரேக் எங்கே இருந்தது என்று கேட்டாள். எப்போதும் கொட்டகைக்குள், இரண்டு மரக்கட்டைகள் மேல் என்றார் வெண்டெல். சனி, ஞாயிறு அவருக்கு விடுமுறை. திங்கள் காலை அது வெளியே, வடக்குச் சுவரோரம், கட்டை இல்லாமல் வெறும் தரையில் இருந்தது. மெர்ல் எடுத்து வைத்திருப்பார் என்று நினைத்தார்.

வடக்குப் பக்கம் வெயில் படாது. முற்றம் முழுக்கச் சேறாக உருகியிருந்தபோதும் அங்கே தரையில் ஒரு மெல்லிய பனித்தகடு மிச்சமிருந்தது. ஆர்லிஸ் அதன் ஓரத்தில் மண்டியிட்டாள். தகட்டில் எட்டு நீண்ட பள்ளங்கள், ஐந்தாவது குட்டையாக. அவற்றுக்குப் பின்னால் நேர்கோடாக ஒரு தட்டின் விளிம்பு. ஈரம் சொட்டச் சொட்ட ஒரு ரேக்கை இங்கே இறக்கியிருக்கிறார்கள், இரவு அதைச் சுற்றித் தண்ணீர் உறைந்திருக்கிறது. ஞாயிறு பகல் சட்டையோடு நிற்கலாம் போல வெயில், இரவு மைனஸ் ஏழு. தரை இடது பக்கம் சரிந்திருந்தது. கழுவிய தண்ணீர் அடித்தட்டில் இடது மூலைக்கு ஓடி, பின் இறங்கும் ஓட்டையில் நின்று, விடியும்போது கல்லாகியிருக்கும்.

அவள் மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள். இடது பின் பாதிதான் இறங்கியது. கைப்பிடி முழுதாக மடங்கவில்லை, மடங்கின மாதிரி நின்றது. ஊன்றி அழுத்தியபோது பனிக்கட்டி இறுகப் பிடித்துக்கொண்டது. பிறகு ஒரு மணி நேரம் வண்டி குலுங்கியது, வெயில் ஏறியது. பனிக்கட்டி நொறுங்கியது. அரைகுறையாக மடங்கிய கைப்பிடியை ஸ்பிரிங் மேலே தள்ளிவிட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் சாட்சி உருகித் தரையில் இறங்கிவிட்டது.

வெண்டெல் அந்தப் பனித்தகட்டைப் பார்த்தார். பிறகு வீட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன வேலை என்று அவர் சொல்லவில்லை. அவர் வீட்டுத் தடித்த வெள்ளைக் கதவு திறந்தபோது உள்ளே அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தது தெரிந்தது.

ஆர்லிஸ் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டாள். அவளுக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஏதோ ஒரு சத்தம் நின்றுபோனது மாதிரி இருந்தது. எது என்று புரியச் சற்று நேரம் பிடித்தது. கார்வின் அந்தப் பேய்க்கு அப்புறம் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

நோர்மா ஸ்லெட்டன் மெர்லுக்கு மாற்று உடை எடுத்துப்போக ஃபார்கோவிலிருந்து வந்திருந்தாள். காப்பி குடிக்காமல் போகக் கூடாது என்றாள். கார்வின் வண்டியிலேயே இருக்கிறேன் என்றான். ஆர்லிஸ் அதே சமையலறையில் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

போன அக்டோபரில் அவள் இங்கேதான் உட்கார்ந்திருந்தாள். வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனை. முப்பத்தொரு வரிகள் உள்ள தாள். வெளியே ஆலங்கட்டியும் மழையுமாக அடித்துக்கொண்டிருந்தது. எல்லாம் நல்லா இருக்கு ஆர்லிஸ், நீ உட்காரு என்றார் மெர்ல். அதற்குப் பிறகும் எழுந்து போய்ப் பார்ப்பது, உங்கள் வார்த்தையில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். அதை இந்த ஊரில் யாரும் செய்ய மாட்டார்கள். மேசைத் துணியில் ஒரு கறை இல்லை. அடுப்பு மினுங்கியது. இவ்வளவு சுத்தமாக இருக்கிறவர்கள் வெளியிலும் அப்படித்தான் இருப்பார்கள் என்று அவள் முப்பத்தொரு இடத்திலும் டிக் போட்டாள். பத்தொன்பதாவது வரி: இணைப்பு பின்கள் அடித்தட்டு வழியே வெளியே வந்திருப்பதைக் கீழிருந்து பார்க்க வேண்டும் என்று ஓட்டுநருக்கு நேரில் காட்டப்பட்டதா? அதற்கும் டிக்.

திரும்பிப் போகும்போது வெண்டெல் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். வண்டியை வெளியே எடுத்து, ரேக்கை மாட்டி, அவளுக்காக மழையில் காத்திருந்திருக்கிறார். அவள் கார் கண்ணாடிக்குள்ளிருந்து கையசைத்தாள். அவரும் கையசைத்தார்.

நோர்மா எதையெதையோ பேசிக்கொண்டிருந்தாள். வார இறுதியில் பிஸ்மார்க்கில் அக்கா வீட்டுக்குப் போயிருந்ததைச் சொன்னாள். நான் இன்னும் ஒரு நாள் அங்கேயே இருந்திருந்தால் மெர்ல் அந்த வேலையைத் தள்ளிப்போட்டிருப்பார், அதுவும் என் தப்புதான் என்றாள். பிறகு நினைவு வந்தவளாக அலமாரியைத் திறந்து ஓர் அலுமினியத் தட்டை எடுத்தாள். ஞாயிறு ராத்திரி வந்தபோது வாசல் படியில் இருந்தது, யாரோ வால்நட் இனிப்பு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், மெர்லைக் கேட்பதற்குள் இப்படி ஆகிவிட்டது. அடியில் பேர் ஒட்டியிருக்கும், கண்ணாடி எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, தேவாலயத்து ஆளாக இருந்தால் நீயே கொடுத்துவிடேன்.

தட்டு பளிச்சென்று கழுவியிருந்தது. வெறுமையாகவும் இல்லை. உருளைக்கிழங்கு ரொட்டி ஆறு, மெழுகுத்தாளில் சுற்றி. கணவன் மருத்துவமனையில் கிடக்கும்போதும் நோர்மா பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டாள்.

இந்த மாதிரித் தட்டு இந்த மாவட்டத்தில் எல்லா வீட்டிலும் மூன்று இருக்கும். அதனால்தான் எல்லோரும் அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதுவார்கள். ஆர்லிஸ் அதைத் தலைக்கு மேல் தூக்கி அடியில் பார்த்தாள்.

A. TVEIT. நீலப் பேனா. கடைசி T-யின் குறுக்குக் கோடு நீளமாக. அவள் கையெழுத்து.

சமையலறைக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தட்டை மெதுவாக மடியில் இறக்கினாள். வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் வால்நட் இனிப்போடு இந்தத் தட்டைக் கார்வினிடம் கொடுத்தாள், பிள்ளைகளுக்கு எடுத்துப் போ என்று. ஞாயிறு மத்தியானம் அவன் போன் செய்தான். மரமெல்லாம் இழுத்துப் போட்டாச்சு பாஸ், கடன் வாங்கின ரேக் ஒரே சேறு, அப்படியே கொண்டு போய் விட்டுடவா, என்னால முடியல. அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஸ்பீக்கரில் பேசினாள். யாருடையது என்று கேட்கவில்லை. என்ன மனுஷன் நீ, கழுவாம யாராவது திருப்பித் தருவாங்களா, தண்ணி மெஷின் போட்டு நல்லா அடிச்சுக் கழுவு, கூட ஏதாவது வெச்சுக் குடு என்றாள்.

நல்லா அடிச்சுக் கழுவு.

அவள் நோர்மாவுக்கு நன்றி சொன்னாள். எப்படி எழுந்து வந்தாள் என்று நினைவில்லை.

கார்வின் பிக்கப்பின் முன்னால் சாய்ந்து நின்றிருந்தான். அவள் ரொட்டியைத் தனியே எடுத்துவிட்டுத் தட்டை வண்டியின் முகப்பில் கவிழ்த்து வைத்தாள். அவன் அந்த டேப்பைப் பார்த்தான்.

"ஹோஸை எப்படி மாட்டினேன்னு பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன். அதைவிட வேற ஒண்ணு. இந்தக் கேஸ்ல எல்லாரும் தப்பு என்னுதுன்னு சொல்லியாச்சு. இன்னும் சொல்லாதவங்க ரெண்டே பேர்."

"ரெண்டா?"

"நீயும் நானும்."

அவன் நிமிர்ந்தான். அவள் முதலில் அவன் பேசட்டும் என்று காத்திருந்தாள்.

"ரேக்னு கேட்டதுமே உறுத்துச்சு," என்றான். "ஆனா ஏன்னு தெரியல. நான் ஒண்ணும் உடைக்கலயேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். கொட்டகை பூட்டியிருந்துச்சு, மெர்ல் வெளியில வெச்சுட்டுப் போன்னார். கட்டையெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்க அந்தப் பனியில மண்டி போட்டீங்க பாருங்க, அப்பத்தான் புரிஞ்சுது. சத்தியமா, ஆர்லிஸ்."

அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது ஆறு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"அதுக்கப்புறம் முக்கால் மணி நேரம் இருந்துச்சு உனக்கு."

"ஆமா. வெண்டெல் பேரோட முடிஞ்சுடும்னு ஒரு நிமிஷம் நெனச்சேன். ஒரு நிமிஷம் இல்ல, முக்கால் மணி நேரமும் நெனச்சேன்."

அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், சாய்ந்துகொள்ள ஓர் இடம் கிடைத்திருக்கும். அவள் கோப்பைத் திறந்து அக்டோபர் தாளை அவனிடம் கொடுத்தாள். அவன் பத்தொன்பதாவது வரியைப் படித்தான். கொட்டகை வாசலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"நீங்க வெளியவே வரலயா?"

"கையசைச்சேன்."

அவன் தாளைத் திருப்பிக் கொடுத்தான். நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்றான். அது அப்புறம், முதலில் வெண்டெல் என்றாள் அவள்.

வெண்டெல் அவர்களை உள்ளே கூப்பிட்டார். சமையலறையில் நாற்காலிகள் தவிர எல்லாம் பெட்டிக்குள் போயிருந்தது. காப்பி இருக்கிறது, கோப்பைதான் என்று சொல்லிவிட்டு ஒரு பெட்டியின் டேப்பைக் கிழித்து, செய்தித்தாளில் சுற்றிய மூன்று கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். அவர்கள் என்ன சொல்ல வந்திருந்தாலும் காப்பி ஊற்றும் வரை சொல்ல அவர் இடம் கொடுக்கவில்லை.

கார்வின் சொன்னான். நின்றுகொண்டே, எதையும் விடாமல், ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னான். முக்கால் மணி நேரத்தையும் சொன்னான். பிறகு ஆர்லிஸ் போன் பேசியதைச் சொன்னாள், அக்டோபரைச் சொன்னாள். சொல்லும்போது அவளால் வெண்டெலின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேசையில் கிடந்த கசங்கிய செய்தித்தாளைத் தடவித் தடவி நேராக்கினாள்.

அவர் கேட்டுக்கொண்டார். அவசரப்படாமல் ஒரு வாய் குடித்தார்.

"அப்போ கழுவினது நீதானா," என்றார் கார்வினிடம்.

"ஆமா."

"நேத்துக் காலைல அதைப் பாத்ததும் எனக்கு மனசு அவ்வளவு சந்தோஷமா ஆச்சு. மெர்ல் கழுவ மாட்டாருன்னு எனக்குத் தெரியாதா? யாரோ கடன் வாங்கியிருக்காங்க, வாங்கினவன் நல்ல மனுஷன், இப்படிக் கழுவினவன் மத்ததையும் ஒழுங்காத்தான் வெச்சிருப்பான்னு நெனச்சேன்." கோப்பையை வைத்தார். "முட்டி வலின்னு சொன்னேனே. முட்டி அவ்வளவெல்லாம் வலிக்கல. குனிஞ்சு பாத்தா, அந்த மனுஷனைச் சந்தேகப்படற மாதிரி இருக்கும்னு தோணிச்சு. அங்க ஒருத்தரும் இல்ல. இருந்தும் தோணிச்சு."

கார்வின் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

ஆர்லிஸ் அறிக்கைத் தாளை எடுத்தாள். விபத்துக்குக் காரணமானவர்கள் என்று ஒரு கட்டம். மேலாளர் கேட்ட இரண்டு வார்த்தைகளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. அவள் முதல் வரியில் தன் பெயரை எழுதினாள். சோதனை செய்யாமல் சோதித்ததாகக் கையெழுத்திட்டது, ஓட்டுநருக்குக் காட்டாதது. அதற்குக் கீழே, கழுவச் சொன்னது. எழுத்து மிகவும் பொடியாகிவிட்டது. பிறகு பேனாவைக் கார்வினிடம் நீட்டினாள். அவன் உட்கார்ந்து இரண்டாவதாக எழுதினான்.

அவன் எழுதி முடித்ததும் மேசையின் மறுபக்கத்திலிருந்து வெண்டெலின் கை நீண்டது, பேனாவுக்காக.

"குனியாதது நான்தானே," என்றார்.

ஆர்லிஸ் பேனாவை அவரிடம் தரவில்லை. அவர் சொன்னதைத் தானே எழுதினாள், மூன்றாவது வரியில், ஊன்றி அழுத்திச் சோதித்தார் என்பதை முன்னால் போட்டு.

"எழுதியாச்சு," என்றாள். "ஆனா கடைசியில. அதுக்கு மேல இடம் இல்ல, வெண்டெல்."

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பி மூன்று வரிகளையும் நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு எழுந்து, பெட்டிக்குள்ளிருந்து நாலாவது கோப்பையையும் எடுத்துச் செய்தித்தாளைப் பிரித்து, சுவரில் அது எப்போதும் தொங்கும் ஆணியில் மாட்டினார்.